கார் பார்க்கில் உரசினால்: கைக்காசா, இன்சூரன்ஸா, பொலிஸா?

போன வருடம் ஹட்டனில் ஒரு கடைக்கு முன்னால் நின்ற என் வானை, ரிவர்ஸில் வந்த ஒரு கார் பின்னால் இடித்தது. பம்பரில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல், அதில் கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட். அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. இறங்கி வந்தவருக்கு என் அப்பாவின் வயது. "தம்பி, பார்க்கவே இல்ல. பிள்ளைங்க வண்டியில இருக்காங்க, இந்த 5,000 ரூபாவை வச்சுக்கங்க" என்றார். "சரி ஐயா, பரவாயில்ல" என்று வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து கராஜில் பம்பரைக் கழற்றினால், உள்ளே அதைத் தாங்கும் பிரக்கட் முறிந்து, கிளிப் மூன்றும் தெறித்துக் கிடந்தன. பெயின்டோடு சேர்த்து 18,000 ரூபா ஆனது.

அதற்காகக் கைக்காசு வாங்குவதே தப்பு என்று சொல்லமாட்டேன். ஹயர் ஓடுகிறவனுக்கு அரை நாள் போனால் அன்றைய சம்பாத்தியமே போச்சு. பெயின்ட் மட்டும் உரசியிருந்தால் அங்கேயே பேசி முடிப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. ஆனால் பம்பர் பிளாஸ்டிக். அமுங்கிவிட்டு மறுபடி தன் வடிவத்துக்கு வந்துவிடும், உள்ளே முறிந்ததைக் காட்டாது. இடித்த பக்கத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, லைட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் இடைவெளி கூடியிருந்தாலோ, காசை வாங்காமல் கராஜ் பாஸுக்கு ஒரு கோல் எடுப்பது நல்லது. பேசி முடிக்கிறதென்றால் ஒரு தாளில் திகதி, இரண்டு வண்டி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், கொடுத்த தொகை, இரண்டு கையெழுத்து. அந்தத் தாள் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரிடமே நாளைக்கு மறுபடி வந்து கேட்கவும் ஆள் உண்டு.

எந்த வழியில் போனாலும் முதல் கேள்வி யார் பிழை என்பதுதான். தரிப்பிடத்தில் ரிவர்ஸ் எடுத்தவர் மேல்தான் அனேகமாகப் பொறுப்பு விழும், பின்னால் பார்க்க வேண்டியது அவர்தானே. கோட்டுக்குள் ஒழுங்காக நின்ற வண்டிமேல் பிழை சொல்வது கஷ்டம். பாதையை மறித்து நின்றிருந்தால் கதை வேறு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னுக்கு எடுத்து முட்டிக்கொண்டால் பாதிப் பாதி என்றுதான் பெரும்பாலும் முடியும்.

நம் ஊர்களில் இதோடு சரிவும் சேர்ந்துகொள்கிறது. ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்திவிட்டுப் போன வண்டி உருண்டுபோய்க் கீழே நின்ற காரில் சாய்ந்தால், "நான் வண்டியிலேயே இல்லையே" என்பது பதில் ஆகாது. நிறுத்தியவர்தான் பொறுப்பு. கியரில் விட்டாரா, டயரை ஓரத்துக் கட்டுப் பக்கம் திருப்பினாரா, சில்லுக்குக் கல் வைத்தாரா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் வண்டியைத் தள்ளி நிறுத்திய பிறகு தெரியாது. பின்னால் எத்தனை பேர் ஹோர்ன் அடித்தாலும் நான்கு படம் எடுக்க ஒரு நிமிடம் போதும்: இரண்டு வண்டியும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒன்று, மோதிய இடம் கிட்டத்தில் ஒன்று, முன் சில்லுகள் திரும்பியிருக்கும் பக்கம் ஒன்று, தரையில் போட்ட கோடுகளோடு ஒன்று. அப்புறம் ஓரம் கட்டலாம்.

இந்தப் படங்களின் அருமை ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் புரிந்தது. பின்னேரம் நான்கு மணி, மூடுபனி இறங்கிவிட்டது. மச்சான் காரைப் பின்னுக்கு எடுக்க, எதிர் வரிசையில் இருந்த ஜீப்பும் பின்னுக்கு வந்தது. "பிழை உங்க பக்கம்தான்" என்று அந்த சாரதி அடித்துச் சொன்னார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் இன்சூரன்ஸுக்கு அறிவித்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இன்சூரன்ஸ் அதிகாரி நாங்கள் எடுத்திருந்த படங்களை வாங்கிப் பார்த்தார். இரண்டு வண்டியிலும் ரிவர்ஸ் லைட் எரிந்துகொண்டிருந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. காத்திருந்தது ஒன்றரை மணி நேரம், குளிரில்.

இன்சூரன்ஸ் வழியில் காத்திருப்பைவிடப் பெரிய செலவு நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்குக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு, போவதுதான். உதாரணத்துக்கு, வருடக் கட்டணம் 80,000, அதில் 40 வீதம் போனஸ் கழிவு என்றால் நீங்கள் கட்டுவது 48,000. கிளெய்ம் எடுத்ததால் போனஸ் முழுதும் போனால் அடுத்த வருடம் 32,000 கூடுதலாக வரும். 18,000 ரூபா வேலைக்கு அது கட்டுமா? ஹெட்லைட், கதவு, சென்சர் என்று போனால் யோசிக்காமல் இன்சூரன்ஸ்தான். ஃபுல் இன்சூரன்ஸ் இல்லாமல் சட்டம் கேட்கிற மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே இல்லை. சொந்த வண்டியின் சேதத்துக்கு அது பணம் தராது, எதிராளியிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. "என் பிழைதான், நான் கட்டுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் கிளெய்ம் கேட்டால் சிக்கல். நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஏற்கக்கூடாது என்பது காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. ஆகவே கைக்காசா இன்சூரன்ஸா என்பதை வாய் திறப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

பொலிஸ் எனக்குக் கடைசி வழி. யாருக்காவது அடிபட்டால், இடித்தவர் நிற்காமல் போனால், குடித்திருந்தால் உடனே 119. அது தவிர்த்த உரசலுக்கு என்ட்ரி போடப் போனால் அனேகமாக அங்கேயும் "பேசி முடிச்சுக்கங்க" என்றுதான் சொல்வார்கள், நாள் போய்விடும். போவதென்றால் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி, அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். விளங்காத மொழியில் எழுதியதற்கு அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று தவித்தவர்களைத் தோட்டத்துப் பக்கம் பார்த்திருக்கிறேன். "அவர் வந்து இடித்தார்" என்று நாம் சொன்னது "இருவரும் மோதிக்கொண்டார்கள்" என்று பதிவானால் கிளெய்மே மாறிவிடும்.

தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் இழுப்பவருக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சட்டத்தரணி வைக்காமல் நாமே போய்ப் பேசலாம், வார இறுதியில் கூடுவதால் ஹயரும் பெரிதாகக் கெடாது. வழக்குப் போடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஹட்டனில் எனக்கு வரவேண்டிய மீதி 13,000 ரூபாவுக்கு அங்கே போயிருக்கலாம். ஆனால் யாருக்கு அழைப்பு அனுப்பச் சொல்வது? அந்த ஐயாவின் பெயர், முகவரி எதுவும் கேட்கவில்லை, வண்டி இலக்கத்தைக்கூட எழுதி வைக்கவில்லை.