நினைத்த நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகும் கார்: எதற்கு முதலில் காசு கொடுப்பது?

காலையில் கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்பு நகருக்குப் போன கார், மத்தியானம் சந்தைக்கு முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டு நின்றது. திறப்பை மூன்றாம் தடவை திருகியபோது ஒன்றுமே நடவாததுபோல உறுமியது. நான்கு நாட்கள் குறையில்லை. ஐந்தாம் நாள் களுவாஞ்சிக்குடியில், மாமி வீட்டுப் படலையடியில், மறுபடியும் அதே 'டக்'.

அடியோடு செத்த காரைத் திருத்துவது சுலபம். முரண்டு பிடிக்கும் கார் கராஜுக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். மெக்கானிக் பாஸும் என்ன செய்வார், ஊகிப்பார். ஒருவர் பற்றரியை மாற்றச் சொன்னார். இன்னொருவர் எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றவேண்டும் என்றார். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த 'டக்'குக்காகக் காத்திருக்கலாம் என்பது என் யோசனை. வீட்டில் யாரும் அதை மதிக்கவில்லை.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் கதை வேறு. எரிபொருள் பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே, எஞ்சின் சுற்றுவதை உணரும், சூடேறினால் வேலைநிறுத்தம் செய்யும் கிராங்க் சென்சர் என்று தேடவேண்டும். தொண்ணூறுகளின் ஹொண்டா சிவிக் வைத்திருந்தவர்களுக்கு, வெயிலில் ஈயப்பற்று விட்டுப்போகும் அந்த ரிலேயை நினைவிருக்கும். இங்கே நான் பேசுவது எஞ்சின் சுற்றவே மறுக்கும் குறையைப் பற்றி.

பற்றரிக்காரரின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களின் வெக்கை பற்றரியின் ஆயுளைத் தின்றுவிடும். ஆனால் பற்றரி பலவீனமானால் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றும், ஹெட்லைட் மங்கும், இரவு முழுக்க நின்ற கார் காலையில் கூடுதலாகத் தடுமாறும், நாளுக்கு நாள் நிலைமை மோசமாகும். மத்தியானம் மறுத்துவிட்டு, பத்து விநாடியில் முழு வேகத்தில் சுற்றுவது பற்றரியின் குணம் அல்ல. சந்தேகம் இருந்தால் அளந்து பார்க்கலாம். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியைக் குற்றம் சொல்லலாம். என்னுடையது 12.5 காட்டியது.

புதிய பற்றரி போட்டதும் குணமாகிவிட்டது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. பொய் சொல்லவில்லை அவர்கள். பற்றரி மாற்றும்போது டெர்மினலைச் சுரண்டித் துடைத்து இறுக்குகிறார்களே, அந்தச் சுரண்டலுக்குக் குணமானதுண்டு. பில் மட்டும் பற்றரிக்கு.

ஸ்டார்ட்டர் என்பது இன்னும் வலுவான ஊகம். மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் அதன் சொலனொயிட்டுக்குள் இருக்கும் செப்புத் தொடுமுனைகள் தேய்ந்தால் ஒருமுறை தொடும், ஒருமுறை தொடாது. அப்போது கேட்பதும் இதே 'டக்'தான். வீல் ஸ்பானரால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் சுற்றும் என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கக்கூடும். தொடுமுனையை மட்டும் மாற்றினால் செலவு குறைவு, முழு மோட்டாரையும் மாற்றினால் பர்ஸ் காலி. சில கார்களில் அதைத் தொடவே மேலே பாதியைக் கழற்றவேண்டும். அவ்வளவும் செய்தபிறகு குறை வேறிடத்தில் என்றால் கூலி யார் தருவது?

மீட்டரின் விலை பற்றரி விலையில் ஒரு சிறு பங்கு. குறை வந்திருக்கும் நேரத்தில், குறை எங்கே என்று அது ஒன்றுதான் காட்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும், ஹாண்ட்பிரேக் இழுத்திருக்கவேண்டும். ஒரு முனையை பற்றரியின் நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனையை எஞ்சின் உடம்பில் வைத்து, திறப்பைத் திருகச் சொல்லவேண்டும். 0.2, 0.3 வோல்ட் பரவாயில்லை. 0.5ஐத் தாண்டினால், அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் வயரில் கோளாறு. எர்த் சரியாக இருந்தால் அடுத்தது ஸ்டார்ட்டருக்குப் போகும் சின்ன வயர். திருகும்போது அதில் மின்சாரம் வந்தும் மோட்டார் அசையாவிட்டால் ஸ்டார்ட்டரைக் கழற்றலாம். வராவிட்டால் ரிலே, திறப்புச் சுவிட்ச், ஓட்டோ கியர் காரானால் நியூட்ரல் சுவிட்ச். கியர் P-யில் (பார்க்) மறுக்கும் கார் N-இல் (நியூட்ரல்) ஸ்டார்ட் ஆனால் அந்தச் சுவிட்சைத்தான் பார்க்கவேண்டும்.

பதினொராம் நாள் வாய்த்தது. "திருகட்டுமா மாமா?" என்றான் மருமகன். 'டக்'. மீட்டரில் 2.8. எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பு. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி என்ற ஊரில் இதில் என்ன வியப்பு? உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன், பிறகு வயரையும் மாற்றினேன்.

எல்லோரும் பதினொரு நாள் காத்திருக்க முடியாது. கைக்குழந்தையோடு செங்கலடியில் திரும்பி மகாஓயா வழியாக இரவில் போகிறவருக்கு நான் மீட்டரைச் சிபாரிசு செய்யமாட்டேன். அவர் எர்த்தைச் சுத்தம் செய்துவிட்டு, ஸ்டார்ட்டரையும் திறந்து பார்த்துவிட்டே புறப்படட்டும். ஓட்டோ கியர் காரைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்யமுடியாது.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றி, பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தையை யாராவது காட்ட வந்தால் பொனட்டை மூடிவிடுங்கள். அந்த நேரத்தில் எகிறும் வோல்ட், காரின் கம்ப்யூட்டரைச் சுட்டுவிடக்கூடும். ஓடும் காரில் மீட்டர் 13.8 முதல் 14.5 வரை காட்டினாலே பொதுவாகப் போதும்.

மாற்றச் சொன்ன பற்றரி இன்னும் காரில்தான் இருக்கிறது. நேற்றுக் காலையும் 12.5.