கரண்ட் போனால் காணாமல் போகும் ஆப்: ஒன்றேகால் வருட அனுபவம்

கோவில்பட்டியிலிருந்து சித்தப்பா போன வாரம் போன் செய்தார். சோலார் பேனலுக்கு ஜிஎஸ்டியை 12லிருந்து 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்களே, இப்போது போடலாமா, போட்டால் பேட்டரியோடு போடலாமா என்று கேட்டார். அத்தோடு விட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்திருக்கும். சோலாரும் பேட்டரியும் ஓடுவதைப் போனில் காட்டும் ஆப்பைப் பற்றி, “அந்த ஆப்பு நல்லாருக்காடே?” என்று கடைசியாக ஒன்று கேட்டார் பாருங்கள், முக்கால் மணி நேரம் பேசினேன். அன்றைக்குக் காலையில்தான் அந்த ஆப்புக்குத் தகவல் அனுப்பும் டேட்டா லாகர் என்ற கருவியைப் புதுசாக வாங்க 3,200 ரூபாய் எண்ணிக் கொடுத்திருந்தேன். அந்தக் கடுப்பு இதிலும் கொஞ்சம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமான் விவரம் சுருக்கமாக. வீடு பாளையங்கோட்டையில். மொட்டை மாடியில் 540 வாட் பேனல் ஆறு. மாடிப்படிக்குக் கீழே ஹைப்ரிட் இன்வர்ட்டர், அதன் பக்கத்தில் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. யூனிட் கணக்கில் ஐந்தைக் கொஞ்சம் தாண்டும். 2024 ஆகஸ்டில் போட்டது. மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வந்தது. அது பேனல் கணக்குக்கு மட்டும்தான், பேட்டரி முழுக்கக் கைக்காசு. 2023 டிசம்பர் மழையில் தாமிரபரணி கரையைத் தாண்டி வந்தபோது எங்கள் தெருவுக்கு மூன்றாம் நாள்தான் கரண்ட் வந்தது. அம்மாவின் இன்சுலினை வைக்க ஐஸ் தேடி அலைந்தவனுக்கு அந்தக் கைக்காசு பெரிதாகத் தெரியவில்லை.

பேட்டரி இல்லாமல் போட்டால் கரண்ட் போகும்போது பேனலும் சேர்ந்து நின்றுவிடும் என்றதைச் சித்தப்பா நம்பவே இல்லை. “வெயிலு கொளுத்துது, ஃபேன் ஓடாதா?” ஓடாது. லைனில் ஆள் ஏறி வேலை பார்க்கும்போது நம் மாடியிலிருந்து போகிற கரண்ட் அவரை அடித்துவிடக் கூடாது. அதனால் வெளி லைன் செத்ததும் சாதாரண சோலார் இன்வர்ட்டர் தானாக நின்றுகொள்ளும். ஹைப்ரிட்டும் பேட்டரியும் இருந்தால் வெளி லைனை அறுத்துவிட்டு வீட்டை மட்டும் ஓட்டும்.

சரி, ஆப்புக்கு வருவோம். அதன் முதல் திரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேலே பேனல், இடப்பக்கம் பேட்டரி, வலப்பக்கம் மின்கம்பம், கீழே வீடு, நடுவில் இன்வர்ட்டர். இவற்றை இணைக்கும் கோடுகளில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். காலை ஏழு மணிக்குப் பேனலிலிருந்து வீட்டுக்கு மட்டும் வரும். எட்டரை வாக்கில் பேட்டரிக்கு ஒரு கிளை பிரியும். பேட்டரி நிரம்பியதும் மிச்சமெல்லாம் கம்பத்தைப் பார்த்து ஓடும். முதல் மாதம் டீ குடிக்கும்போதெல்லாம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். “மீன் தொட்டி வாங்கியிருந்தா செலவு கம்மி” என்றாள் மனைவி.

அம்மா ஸ்மார்ட்போனைத் தொடமாட்டார். ஆனாலும், “ஏய்யா, இப்ப எவ்வளவு காட்டுது?” என்று கேட்காமல் கிரைண்டர் போடுவதில்லை. இரண்டாயிரம் வாட்டுக்கு மேல் என்றால் கிரைண்டரோடு மோட்டாரும் ஓடும். கத்திரி வெயிலில்தான் அள்ளிக் கொட்டும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். மாசியில் பார்த்த 2.7 கிலோவாட்டைச் சித்திரை மதியத்தில் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும். உடம்பு சூடாகச் சூடாக அதன் வோல்டேஜ் இறங்கிவிடும்.

இந்த ஆப்பால் கிடைத்த பெரிய லாபம் சோலாரில் இல்லை, கக்கூஸில்! போன பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி கிராஃபை விரித்துப் பார்த்தேன். எல்லோரும் தூங்கும் நேரத்தில் கோடு 150 வாட் பக்கம் தரையோடு படுத்திருக்க வேண்டும். ஒரு மணிக்கு ஒரு பல், மூன்றேகாலுக்கு ஒரு பல், ஐந்தரைக்கு ஒரு பல், சீப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஆயிரம் வாட்டுக்கு மேல், ஐந்தாறு நிமிடம். முந்தைய நாள்களையும் புரட்டினேன், அதே சீப்பு. ஆயிரம் வாட் என்றால் மோட்டார். ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் வைத்த மோட்டார், டேங்கில் தண்ணீர் இறங்கினால்தான் ஓடும். ராத்திரி மூன்று மணிக்கு யார் தண்ணீரை இறக்குகிறார்கள்? டார்ச்சோடு வீடு முழுக்கச் சுற்றினேன். மாடி பாத்ரூமில் ஃப்ளஷ் டேங்க்கிலிருந்து சத்தமே இல்லாமல் நூல் மாதிரி தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அறுபது ரூபாய் வாஷர், மறுநாளிலிருந்து சீப்பு இல்லை. இதை இன்னும் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு நல்ல ஆப், கரண்ட் போன நிமிடம் செத்துவிடும். நான் அதை எதற்காக வைத்திருக்கிறேனோ அந்த ஒரே நேரத்தில். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் கரண்ட் இருக்கிறதா, பேட்டரி எவ்வளவு மிச்சம், ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்க்கத் திறந்தால் எல்லாம் சாம்பல் நிறம். ‘கடைசியாகப் புதுப்பித்தது 10:40’ என்று நிற்கும். இதைவிடக் கொடுமை எச்சரிக்கைச் செய்தி. பத்தே முக்காலுக்குப் போன கரண்ட் ஒன்று பத்துக்கு வரும். ஒன்று பன்னிரண்டுக்கு என் போன் டிங் என்று அடிக்கும்: ‘மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது.’

இதில் ஆப்பை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை. இன்வர்ட்டரில் செருகியிருக்கும் லாகருக்குப் பேட்டரியிலிருந்து கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கை வைஃபை வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்புவது அதன் வேலை. எங்கள் வீட்டில் ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் எல்லாம் பேக்கப் லைனில், அதாவது கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். ஏசி, கீசர், மோட்டார் வெளி லைனில். ஹாலில் இருக்கும் ரௌட்டர், ஏசிக்குப் பக்கத்து பிளக்கில் இருந்ததால் அதுவும் வெளி லைனில் மாட்டிக்கொண்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 600 ரூபாய் கொடுத்து லைனை மாற்றினேன்.

அடுத்த பராமரிப்பு மின்தடை அன்று ஆபீஸில் வெற்றிப் புன்னகையோடு ஆப்பைத் திறந்தேன். இருபத்தைந்து நிமிடம் ஓடியது, அப்புறம் சாம்பல். வீட்டுக்குப் போன் போட்டால் ரௌட்டரில் சிவப்பு விளக்கு. இன்டர்நெட் கொடுக்கும் அண்ணனைக் கேட்டேன். “எங்க பெட்டிக்கும் கரண்ட் இல்லல்லா சார், பேட்டரி அரை மணி நேரம்தான் தாங்கும்” என்றார். ஊரே இருட்டில் இருக்கும்போது என் வீட்டு ரௌட்டருக்கு மட்டும் உயிர் கொடுத்து என்ன செய்ய?

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய போனில் ஒரு சிம் போட்டு, ரௌட்டருக்கு இருக்கும் அதே வைஃபை பெயர், அதே பாஸ்வேர்டில் ஹாட்ஸ்பாட் வைத்தேன். லாகர் ஏமாந்து அதில் ஒட்டிக்கொண்டது. மின்தடையின் நடுவில் புள்ளிகள் ஊர்வதை ஒரே ஒரு நாள் பார்த்தேன், கம்பத்துக்கான கோடு மட்டும் வெறுமையாக. ஆனால் கரண்ட் போகும்போதெல்லாம் அந்த ஹாட்ஸ்பாட்டை யாராவது போட வேண்டும், வந்ததும் அணைக்க வேண்டும். இப்போது நடைமுறையில் இருப்பது இதுதான்: நான் போன் செய்வேன், “அம்மா, மாடிப்படிக்குக் கீழ போயி அந்த டப்பாவுல என்ன நம்பர்னு பாரும்மா.” அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போய், “எழுபத்திரெண்டுன்னு போட்டிருக்குய்யா” என்பார். சர்வரும் வேண்டாம், ஐந்து நிமிடத் தாமதமும் இல்லை.

பேட்டரி சதவீதம் காட்டும் அந்த நம்பரையும் முழுக்க நம்ப முடியாது என்பது வேறு விஷயம். 41 என்று நிற்பது கண்ணெதிரே 27க்கு விழும். இந்த வகை லித்தியம் செல்லில் பாதி நிரம்பியிருந்தாலும் முக்கால் நிரம்பியிருந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். போன ஆம்பியர், வந்த ஆம்பியரைக் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் சொல்கிறது. ஐப்பசி மூட்டத்தில் பல நாள் பேட்டரி முழுசாக நிரம்பாவிட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் வெயில் அடித்து 100ஐத் தொட்டால் தானே சரியாகிவிடும். 20 சதவீதத்தில் நிறுத்தச் சொல்லி வைத்திருப்பதால் கையில் இருப்பது 4 யூனிட். ராத்திரியில் ஃப்ரிட்ஜும் மூன்று ஃபேனும் சராசரியாக 250 வாட் இழுத்தால் பதினாறு மணி நேரம். இந்தக் கணக்கு தெரிந்தால் போதும், பதறத் தேவையில்லை. நான் பதறுகிறேன்.

சின்னச் சின்னக் குறைகளும் உண்டு. ஆப்பில் அக்கவுண்ட் கணக்கைக் காண்ட்ராக்டர் பையன் தன் பெயரில் திறந்து, நேரத்தைச் சீன நேரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று மாதம் எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்கே அடுத்த நாள் பிறந்தது. முதல் வாரம் மின்கம்பத்து வயரில் மாட்டும், போகிற வருகிற கரண்டை அளக்கும் சிடி கிளாம்ப்பை அம்புக்குறி திருப்பி மாட்டியிருந்தார்கள். வாங்குவதை விற்பதாகவும் விற்பதை வாங்குவதாகவும் காட்டியது. அதைக் கழற்றித் திருப்பி மாட்ட ஒரு நிமிடம்தான் ஆனது, ஆள் வர ஆறு நாள்.

லாகர் கதைக்கு வருகிறேன். இந்த ஐப்பசியில் விழுந்த ஒரு இடிக்கு அது போய்விட்டது. இன்வர்ட்டருக்குக் கீறல் இல்லை. லாகருக்கு வாரண்டி ஒரு வருடம்தானாம். எனக்குப் பதினான்காவது மாதம். புதுசு வந்து, அதன் சீரியல் நம்பரைக் காண்ட்ராக்டர் கணக்கில் ஏற்றி, எல்லாம் முடியப் பதினோரு நாள். அத்தனை நாளும் வீடு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நான் மட்டும் ராத்திரி தண்ணீர் குடிக்க எழும்போதெல்லாம் மாடிப்படிக்குக் கீழே குனிந்து அந்தப் பச்சைத் திரையைப் பார்த்துவிட்டு வந்தேன். கிராஃபில் அந்தப் பதினோரு நாள் இன்னும் பள்ளமாகக் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. போன மாதம் கேட்டிருந்தால் நாலு சொல்லியிருப்பேன். சித்தப்பாவிடம் இத்தனையும் சொல்லி, இந்த ஆப்பை நம்பி மட்டும் இறங்காதீர்கள் என்று முடித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், “சரிடே, நீ போட்டிருக்கிறது எந்தக் கம்பெனி?” என்றார். பெயரையும் காண்ட்ராக்டர் நம்பரையும் அன்றைக்கே அனுப்பிவிட்டேன். கணக்கை உங்கள் பெயரில் திறக்கச் சொல்லுங்கள், ரௌட்டர் பிளக்கை எந்த லைனில் போடுகிறார்கள் என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள் என்று மட்டும் சேர்த்து எழுதினேன்.