லாசிக்கா, பிஆர்கேயா, ஸ்மைலா? முதலில் கருவிழியின் தடிமனைக் கேளுங்கள்

என் தங்கைக்கு மைனஸ் 6 பவர். கண்ணாடியைக் கழற்ற உதவும் லேசர் சிகிச்சைகளில் லாசிக்கைச் செய்துகொள்வது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் பரிசோதனைக்கே போனாள். கருவிழி, அதாவது கண்ணின் முன்புறம் இருக்கும் கண்ணாடி போன்ற கார்னியா, 485 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தது. டாக்டர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

லாசிக்கில் கருவிழியின் மேல் மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, அடியில் லேசர் பாய்ச்சி, திரும்ப மூடுவார்கள். மடலுக்கு 110 மைக்ரான். ஒரு பவருக்குச் சுமார் 15 என்று 6 பவருக்கு 90. மிச்சம் 285. அது 250-க்குக் கீழே போகவே கூடாது. 300-க்கு மேல் இருந்தால்தான் பல டாக்டர்களுக்கு நிம்மதி. பலவீனமான கருவிழி பிற்பாடு பிதுங்கிக்கொண்டால் கண்ணாடி போட்டாலும் பார்வை சரியாகாது.

பிஆர்கேயில் மடலே கிடையாது. 50 மைக்ரான் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசர் வைப்பார்கள்; தோல் தானாக வளர்ந்துவிடும். அதே கண்ணுக்கு இதில் மிச்சம் 345. தங்கை இதைத்தான் செய்துகொண்டாள். ஆனால் வலி உண்டு. மூன்று நாள் திரையை இழுத்துவிட்ட அறையில், கண்ணில் மணல் விழுந்தது போல நீர் வடிய அவள் படுத்திருந்ததைப் பார்த்தேன். பார்வை நன்றாகத் தெளியச் சில வாரங்கள் பிடித்தன. லாசிக் என்றால் பலருக்கு மறுநாளே தெளிந்துவிடும். அப்படியும் அவளுக்கு பிஆர்கேதான் சரி என்பேன். அடி பட்டால் விலக மடல் இல்லை என்பதால், குத்துச்சண்டை, கபடி ஆடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

இந்த இரண்டிலும் கருவிழியைச் செதுக்குவது எக்சைமர் லேசர். அது சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் வெட்டும் என்று 1981-இல் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை வைத்துக் கண்டவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். எனக்கு அதில் தனிப் பெருமை.

ஸ்மைலில் வேறு லேசர். கருவிழிக்குள்ளேயே ஒரு சிறு வில்லையைச் செதுக்கி, 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக உருவிவிடுவார்கள். அறுபடும் நரம்புகள் குறைவு என்பதால் கண் வறட்சியும் பொதுவாகக் குறைவு. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் இருப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். செலவு கூடுதல், கருவிழியில் போதிய தடிமனும் வேண்டும்.

பவர் மிக அதிகமா? அப்போது கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் ஐசிஎல் பற்றிப் பேசுங்கள்.

அப்புறம், பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பாவது சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் கருவிழியின் வடிவமே தப்பாகப் பதிவாகிவிடும்.