ஃபுகுவோகாவில் ஜப்பானிய மொழிப் பள்ளி: வகுப்புக்கு நாலரை, ஹாஸ்டலுக்கு ஒன்று

நான் படித்த ஃபுகுவோகா மொழிப் பள்ளியின் வகுப்புகளுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அதே பள்ளி ஏற்பாடு செய்து தந்த ஹாஸ்டலுக்கு ஒன்று கொடுப்பதே அதிகம். கட்டுகிற பணம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று நம்ம மாவட்டத்தில் இப்போது ஜப்பான் போக விசாரிக்கிற பிள்ளைகளிடம் ஏஜெண்டுகள் சொல்வது ஒன்றுதான்: அங்கே போய் இருந்தால் போதும், மொழி தானாக வந்துவிடும். வராது. வகுப்பு நாளைக்கு நாலு பீரியட், ஒரு பீரியட் 45 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், அவ்வளவுதான். மீதி நேரத்தை யாரோடு, எந்த மொழியில் கழிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வகுப்பு உண்மையிலேயே அருமை. முதல் நாளிலிருந்தே ஜப்பானிய மொழியில்தான் பாடம், படம் காட்டுவார்கள், நடித்துக் காட்டுவார்கள், ஆங்கிலத்துக்கு மட்டும் போகவே மாட்டார்கள், புரியும்வரை சலிக்காமல் திரும்பச் சொல்வார்கள். தினமும் காலையில் கான்ஜி, அதாவது ஜப்பானியத்தில் புழங்கும் சீன எழுத்து, தேர்வு உண்டு. சீன மாணவர்கள் எழுத்தைப் பார்த்ததுமே பொருளைப் பிடித்துவிடுவார்கள், அதில் அவர்களோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் பேச்சில் தமிழ் தெரிந்தவருக்கு நல்ல வசதி இருக்கிறது. வினை கடைசியில் வருகிறது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, அதைவிட, 'சாப்பிட்டுப் பார்', 'வாங்கி வை' என்று நாம் சேர்த்துச் சொல்கிற அதே பார்ப்பதும் வைப்பதும் அங்கேயும் 'தபேதே மிரு', 'கத்தே ஒகு' என்று அப்படியே வருகின்றன. ஊரில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் இதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிவளைத்துச் சொல்லிக்கொடுப்பது எனக்கு வருத்தம்தான், தமிழிலிருந்து நேரே போனால் பாதி வேலை மிச்சம். (இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ எழுதியதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை, அது வேறு விஷயம். படிக்கும்போது இந்த ஒற்றுமை கைகொடுக்கிறது.)

அப்புறம் ஹாஸ்டல். ஒரே அறையில் நேபாளம், இலங்கை, இந்தியா என்று எல்லோரையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள், அருமையான பிள்ளைகள், இன்றும் பேசிக்கொள்கிறோம், ஆனால் அறைக்குள் ஓடியது ஆங்கிலமும் இந்தியும்தான். சமையல், சண்டை, சிரிப்பு எல்லாம் அதில்தான். முதல் ஆறு மாதம் ஹாஸ்டலில்தான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்ததால் வெளியே போகவும் வழியில்லை. ஜப்பானிய மொழி படிக்க வந்த ஒருவர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அந்த மொழி இல்லாமலே நாளை ஓட்டிவிட முடிகிறது என்றால், அந்த ஏற்பாட்டில் ஏதோ அடிப்படையிலேயே தப்பு.

பார்ட் டைம் வேலையிலும் இதே கதை. மாணவர் விசாவில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம்வரை வேலை செய்யலாம், அதற்கு மேல் போனால் விசாவுக்கே ஆபத்து. புதிதாக வருகிறவர்களுக்கு எளிதில் கிடைப்பது பென்தோ (டப்பா சாப்பாடு) தொழிற்சாலை, பார்சல் பிரிக்கும் கிடங்கு, ஹோட்டலில் படுக்கை மாற்றுவது. சம்பளம் மணிக்கு ஆயிரம் யென் அளவில் கிடைக்கும், ஆனால் ராத்திரி முழுக்க பெல்ட் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு காலையில் வகுப்பில் தூங்குவார்கள். வருகைப் பதிவு குறையும், விசா நீட்டிப்பில் சிக்கல் வரும். கொஞ்சம் பேச வந்த உடனே இசகாயா (குடித்துச் சாப்பிடப் போகும் கடை) மாதிரி ஆட்கள் பேசுகிற இடத்துக்கு மாறிவிடுங்கள். நான் மாறிய பிறகு மூன்றே மாதத்தில் காது திறந்தது. அங்கே கேட்டது வகுப்பில் படித்த பொதுமொழி இல்லை, ஃபுகுவோகா பக்கத்து ஹகாட்டா வட்டார வழக்கு, நம்ம ஊர்க்காரர் வேகமாகப் பேசினால் சென்னைக்காரர் முழிப்பாரே, அந்த மாதிரி. சமையலறையில் இருந்த ஒரு பெரியவருக்கு நான் கடற்கரை ஊர்க்காரி என்று தெரிந்ததும் அயலையையும் சாளையையும் வைத்தே பேச்சு வளர்ந்தது. அங்கே சபா, இவாஷி. ஒரு மீனை எப்படிக் கழுவுவது என்று அரைமணி நேரம் பேசினோம், எந்தப் பாடப்புத்தகமும் அதைத் தராது.

ஏஜெண்ட் சொல்லாத இன்னொன்று, பகுதிதோறும் 'கோமின்கான்' என்ற சமூக நிலையம் இருக்கிறது, பல இடங்களில் உள்ளூர் முதியவர்கள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ வெளிநாட்டினருக்கு மொழி சொல்லித்தருகிறார்கள். இவ்வளவு பணம் கட்டிய பள்ளியை விட என் பேச்சைத் திருத்தியது அந்தப் பாட்டிமார்தான்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்விக் கட்டணம் மட்டும் பொதுவாக வருஷத்துக்கு ஏழிலிருந்து எட்டு லட்சம் யென், வாடகையும் சாப்பாடும் தனி. வேலை செய்து முழுச் செலவையும் அங்கேயே சமாளித்துவிடலாம் என்று சொல்கிறவரை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள், 28 மணி நேர வருமானம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும், கட்டணத்துக்கு மிஞ்சாது. அப்புறம், மொழி படிப்பதைவிடச் சம்பாதிப்பதுதான் முக்கியம் என்றால் மொழிப் பள்ளி உங்களுக்கான வழியே இல்லை, 2019-இல் வந்த 'குறிப்பிட்ட திறன்' (Specified Skilled Worker) வேலை விசாவில் முதியோர் பராமரிப்பு வேலை இருக்கிறது, நம்ம மாவட்டத்து நர்சிங் பிள்ளைகள் அதை விசாரிப்பது நல்லது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பட்டியலில் பாருங்கள். ஹாஸ்டலில் கட்டாயம் எத்தனை மாதம், அறையில் யார் யார், கடந்த வருஷம் எத்தனை பேர் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்2 (மேலிருந்து இரண்டாம் நிலை) தேறினார்கள் என்று பள்ளிக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், ஏஜெண்ட் வழியாக வேண்டாம். ஏப்ரலில் சேர வேண்டுமானால் பெரும்பாலான பள்ளிகளில் முந்தைய நவம்பருக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும், அதனால் சென்னையில் ஜூலையில் நடக்கும் ஜேஎல்பிடி தேர்விலேயே தொடக்க நிலையான என்5 எழுதிவிடுங்கள், டிசம்பர் தேர்வின் முடிவு வருவதற்குள் கதவு மூடியிருக்கும்.