டங்ஹுலு செட்: திருகோணமலைக் காற்றில் எது தேறும்?

டங்ஹுலு என்ற சீனிப்பாகு பூசிய பழக்குச்சியை வீட்டில் செய்ய, இணையக் கடைகளில் 'டங்ஹுலு செட்' என்று தேடினால் ஏறக்குறைய ஒரே பெட்டிதான் பல பெயர்களில் வந்து நிற்கும். பேனா வடிவில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி, ஒரு கட்டு மூங்கில் குச்சி, சிலிக்கன் விரிப்பு, குச்சிகளை நட்டுவைக்கத் துளையிட்ட தாங்கி, கையில் பிடிக்கக் கடதாசி உறை. இதில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது வெப்பமானி மட்டும்தான். அதைத் தனியாகவும் வாங்கலாம். மிச்சத்துக்கு நம் குசினியில் இருப்பதே போதும், சிலவற்றுக்கு அதுவே மேல்.

டங்ஹுலு வட சீனத்துக் குளிர்காலப் பண்டம். பெய்ஜிங், தியான்ஜின் தெருக்களில் சிவந்த ஹாதார்ன் பழங்களைக் குச்சியில் கோத்து, கொதிக்கும் சீனிப்பாகில் உருட்டி எடுத்து விற்பார்கள். பாகு ஆறியதும் பழத்தைச் சுற்றிக் கண்ணாடி போன்ற மெல்லிய ஓடு நிற்கும். அங்கே குளிர்காலக் காற்று உறைநிலைக்குக் கீழே, எலும்பு காயும் அளவுக்கு வறண்டு இருப்பதால் அந்த ஓடு மணிக்கணக்கில் மொறுமொறுப்பாகவே இருக்கும். திருகோணமலையில் காற்றின் ஈரத்தைச் சீனி உறிஞ்சும். ஓடு முதலில் பிசுபிசுக்கும், பிறகு வழியும். செட்டோடு வரும் செய்முறைத் தாள் இதைப் பற்றி ஒரு வரியும் சொல்வதில்லை. இங்கே செய்பவர்களுக்குப் பிசகுவதில் பாதி இதனால்தான்.

முதலில் வெப்பமானி. பாகின் சூடு என்பது அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதற்கான கணக்கு. 115 பாகை செல்சியஸில் பாகில் ஏறக்குறைய 15 சதவீதம் தண்ணீர் இருக்கும். 135 தாண்டும்போது அது 5 சதவீதம் அளவுக்கு இறங்கும். 146 முதல் 154 வரை வந்தால் 1 சதவீதம்தான். ஓடு பல்லில் ஒட்டாமல் படீரென்று உடைய வேண்டுமானால் இந்தக் கடைசி நிலைக்குப் போயே ஆகவேண்டும். 140இல் இறக்கிய பாகும் கண்ணுக்கு அதேபோலத்தான் மினுங்கும், ஆனால் கடித்தால் பல்லைப் பிடித்து இழுக்கும். 160ஐத் தொட்டால் நிறம் மாறத் தொடங்கும், இன்னும் விட்டால் கசக்கும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவே இருப்பது பத்துப் பாகைக்கும் குறைவான இடைவெளி. கண்ணால் மட்டும் பார்த்து அதைப் பிடிப்பது கடினம்.

வாங்கியவுடன் வெப்பமானியைக் கொதிநீரில் சோதியுங்கள். திருகோணமலை கடல் மட்டத்தில் இருப்பதால் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் 100 காட்ட வேண்டும். 98 காட்டினால் பாகிலும் 2 பாகை குறைத்தே காட்டும் என்று கணக்கில் எடுங்கள். இந்தப் பேனா வகைக்கு மூன்று குறைகள் உண்டு. ஒன்று, சூட்டை உணர்ந்து இலக்கம் நிலைக்கச் சில செக்கன் பிடிக்கும். பாகு 130ஐத் தாண்டியபின் விறுவிறென்று ஏறும், ஆகவே திரையில் தெரிவது சற்றுப் பழைய சூடுதான். 148 காட்டும்போதே அடுப்பை அணைத்துவிட்டால் சட்டியின் சூட்டிலேயே 150ஐத் தாண்டும். இரண்டு, இவற்றில் பல பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். பாகு பதத்துக்கு வர அதைவிடக் கூட நேரம் எடுக்கும் என்பதால், சரியாக வேண்டிய நேரத்தில் திரை வெறுமையாக நிற்கும். தொடக்கத்திலிருந்தே போட்டுவைக்காமல் குமிழிகள் சிறுத்துத் தடித்தபின் போடுங்கள். மூன்று, ஆவி நேராகப் பட்டால் திரைக்குள் நீர் கோக்கும். சட்டிக்கு மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பற்றரி பெரும்பாலும் எல்.ஆர்.44 என்ற பொத்தான் வகை, மணிக்கூடு திருத்தும் கடைகளில் கிடைக்கும். துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி இந்த வேலைக்கு ஆகாது. அது மேற்பரப்பை மட்டும் படிக்கிறது, நுரையும் ஆவியும் அதை ஏமாற்றிவிடும்.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு எள்ளுருண்டைப் பாகு பார்த்த கை இருந்தால் போதும். ஒரு துளியைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, எடுத்துச் சில்வர் தட்டில் போடுங்கள். 'ணங்' என்று ஓசை கேட்க வேண்டும், விரலால் வளைத்தால் வளையாமல் ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் பொறுக்கலாம். இந்தச் சோதனை செய்யும்போது அடுப்பைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பார்த்து முடிக்குமுன் பாகு கருகிவிடும்.

அளவு இது: வெள்ளைச் சீனி 400 கிராம், தண்ணீர் 200 மில்லிலீற்றர், குளுக்கோஸ் பாணி 1 மேசைக்கரண்டி. ஒரு குச்சிக்கு நான்கு திராட்சை என்றால் பன்னிரண்டு முதல் பதினைந்து குச்சி வரை வரும். சிவப்புச் சீனி வேண்டாம். அதிலுள்ள வெல்லப்பாகு முந்திக் கருகும், நிறத்தை வைத்துப் பதம் பார்க்கவும் விடாது. (கந்தளாய்ச் சீனி ஆலை ஓடிய காலம் போய்விட்டது. இப்போது கடையில் கிடைக்கும் வெள்ளைச் சீனி பெரும்பாலும் இறக்குமதி. தூசி தும்பு இருந்தால் சல்லடையில் அரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு தும்பும் பாகு மணல்போல் பூத்துப்போக ஒரு காரணம்.) பல செய்முறைகள் குளுக்கோஸுக்குப் பதிலாகத் தேசிக்காய்ச்சாறு விடச் சொல்கின்றன. புளி சீனியை உடைத்து, பாகு மணல்போல் பூக்காமல் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் உடைந்த சீனி காற்றின் ஈரத்தை இன்னும் ஆவலாக இழுக்கும். இங்கே தேசிக்காய் விடுவதானால் நாலைந்து துளிக்கு மேல் போகாதீர்கள். ஒரு தேக்கரண்டி விட்ட பாகு சரியான சூட்டுக்கு வந்திருந்தாலும் விரைவில் பிசுபிசுத்துவிடும்.

சட்டி சிறியதாகவும் அடி தடித்ததாகவும் இருக்கட்டும். 14 சென்ரிமீற்றர் அகலச் சட்டியில் இந்த அளவுப் பாகு கடைசியில் 2 சென்ரிமீற்றர் ஆழம்தான் நிற்கும். அதைவிட அகலமானால் வெப்பமானியின் நுனி முங்காது, அடியில் முட்டித் தவறாகக் காட்டும். அளக்கும்போது சட்டியைச் சாய்த்துப் பாகை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சீனியும் தண்ணீரும் கலந்து அடுப்பில் வைக்குமுன் மட்டும் ஒருதரம் கிண்டலாம். கொதி வந்தபின் கரண்டியே போடக்கூடாது. கொதி வந்ததும் இரண்டு மூன்று நிமிடம் மூடி வையுங்கள், ஆவி வழிந்து சட்டிச் சுவரில் ஒட்டிய சீனிமணிகளைக் கழுவிவிடும். அந்த மணிகளில் ஒன்று பாகுக்குள் விழுந்தாலே போதும், முழுப் பாகும் வெள்ளை வெளேரென்று கட்டிவிடும். அப்படிக் கட்டினால் கொட்டிவிட வேண்டாம். 100 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, இளந்தீயில் முழுதாகக் கரைத்து, மறுபடி காய்ச்சலாம். நடுத்தரத் தீயில் மொத்தமாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் எடுக்கும்.

பழத்தில் இருக்கும் தண்ணீர்தான் அடுத்த எதிரி. பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில்லென்று எடுக்கச் சொல்கிறது செட்டின் தாள். வறண்ட ஊருக்கு அது சரி. இங்கே 20 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதை வெளியே எடுத்தாலும் உடனே வியர்க்கும். வியர்த்த பழத்தில் 150 பாகைப் பாகு பட்டால் அந்த நீர் ஆவியாகி ஓட்டுக்கு அடியில் குமிழி கட்டும், ஓடு சரிந்து கழன்று வரும், சில வேளை சூடான பாகு தெறிக்கும். பழத்தை முதல் நாளே கழுவி, துவாயில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணித்தியாலம் பரப்பி, அறைச் சூட்டிலேயே கோத்துவையுங்கள். காம்பு கழன்ற இடத்தில் ஒரு சொட்டு நீர் ஒளிந்திருக்கும். அதை ரிஷூவின் முனையால் உறிஞ்சி எடுக்க வேண்டும். இந்தச் சிறிய வேலையை விட்டவர்களின் குச்சியில் அந்த இடத்தில்தான் முதல் ஓட்டை விழும். முக்கிய குறிப்பு: பழங்களைக் கோத்து முடித்தபின்தான் அடுப்பைப் பற்றவையுங்கள். பாகு தோய்க்கத் தகுந்த பதத்தில் நிற்பது இரண்டு மூன்று நிமிடம்தான்.

ஹாதார்ன் இங்கே கிடையாது. அதன் இடத்துக்கு மிகப் பொருத்தமாக வருவது இலந்தைப்பழம். அளவும் அதேபோல, சதை வறண்டது, புளிப்பும் உண்டு, தோல் கிழியாமல் பாகைத் தாங்குகிறது. கொட்டைதான் சிக்கல். சீனத்தில் ஹாதார்ன் பழத்தின் நடுவைச் சுற்றிக் கீறி, திருகிப் பிரித்து விதையை எடுத்து மறுபடி மூடுவார்கள். இலந்தையில் அது இலகுவில் வராது. ஆகவே குச்சியைக் கொட்டைக்கு ஓரமாகச் சதையில் ஏற்றி, சாப்பிடுபவரிடம் முதலே சொல்லிவிட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இலந்தைக் குச்சி கொடுக்காதீர்கள், கெட்டி ஓடும் கொட்டையும் ஒன்றாக வாய்க்குள் போவது ஆபத்து. கொட்டையில்லாத திராட்சையில் அந்தச் சிக்கல் இல்லை, பழகுவதற்கும் அதுவே நல்லது, ஆனால் முழுத் திராட்சையும் சிறு பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கக்கூடும். தோடம்பழச் சுளை, மேல்தோல் எங்கும் கிழியாமல் இருந்தால் அருமையாக வரும். ஒரு சிறு கிழிசல் போதும், கெட்டுவிடும். நுவரெலியா ஸ்ட்ரோபெரி திருகோணமலை வந்து சேருமுன் பெரும்பாலும் கசங்கிவிடுகிறது, கொடுக்கும் விலைக்குப் பெறுமதியில்லை. அன்னாசி, மாம்பழம், பப்பாசி எதையும் வெட்டித் தோய்க்க வேண்டாம். வெட்டிய முகம் முழுக்க நீர், ஓடு உள்ளிருந்தே கரையும். ஜம்புவை வெட்டாமல் முழுதாகத் தோய்க்கலாம், ஆனால் கையோடு சாப்பிட்டுவிட வேண்டும்.

தோய்ப்பது என்ற சொல்லே கொஞ்சம் தவறான பழக்கத்தைத் தருகிறது. பழத்தைப் பாகுக்குள் முக்கி எடுத்தால் ஓடு தடித்து, கடித்தால் பல்லுக்கு வேலையாகும். சட்டியைச் சாய்த்து, பாகின் மேல்பரப்பில் குமிழி நுரைக்கும் இடத்தில் குச்சியை ஒரே ஒரு சுற்று உருட்டுங்கள். மேலே தூக்கி, மிச்சம் வழிய இரண்டு மூன்று செக்கன் திருப்பிக்கொண்டே இருங்கள். பிறகு சீனத்துத் தெருக்காரர் செய்வதுபோல, தட்டில் 'பட்' என்று அடித்து வைத்துச் சற்றே தன்பக்கம் இழுத்தால், பழத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய சீனிச் சிறகு விரியும். ஒளி ஊடுருவும் அந்தச் சிறகு எச்சில் பட்டதும் உடைந்து கரையும். டங்ஹுலுவில் மிகச் சுவையான பகுதி என்று கேட்டால் அதைத்தான் சொல்லவேண்டும்.

இந்த இடத்தில்தான் செட்டின் சிலிக்கன் விரிப்பு தோற்கிறது. ஒட்டாது என்பது உண்மை, ஆனால் அது சூட்டைக் கடத்தாது. ஓடு இறுக நேரம் எடுக்கும், சிறகும் சரியாக விரியாது. லேசாக எண்ணெய் தடவிய தடித்த சில்வர் தட்டம் அல்லது மாபிள் துண்டு இதைவிட எவ்வளவோ மேல். எண்ணெய் மணமில்லாததாக இருக்கட்டும், தேங்காயெண்ணெய் வாசம் பழத்தை மூடிவிடும். தாங்கியும் வேண்டாம். ஓடு இறுகுமுன் குச்சியை நிமிர்த்தி நட்டால் பாகு கீழே வழிந்து பிடியில் கட்டிக்கொள்ளும். கடதாசி உறை ஓட்டில் ஒட்டிக் கிழியும். சீனத்தில் இதற்குச் சாப்பிடக்கூடிய மெல்லிய அரிசித்தாள் சுற்றுவார்கள். மூங்கில் குச்சி மட்டும் பரவாயில்லை, தும்பு நீட்டிக்கொண்டிருப்பதை உரசி எடுத்தால் சரி. கூர்முனை கடைசிப் பழத்துக்கு வெளியே தெரியக்கூடாது. தென்னோலை ஈர்க்கு பாரம் தாங்காமல் வளைகிறது.

எப்போது செய்வது என்பதும் பாகளவுக்கே முக்கியம். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று வீசும் மாதங்களில், வெயில் ஏறிய நடுப்பகல்தான் திருகோணமலையில் டங்ஹுலுவுக்கு ஏற்ற நேரம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் காற்று அது. பின்னேரம் கடற்காற்று திரும்பினால் ஈரம் ஏறிவிடும். உப்புவெளி, நிலாவெளி போலக் கரையை ஒட்டிய வீடுகளில் இந்த மாற்றம் உடனே தெரியும். ஐப்பசி, கார்த்திகை வாடைமழை நாளில் குளிரூட்டிய அறை இருந்தால் மட்டும் முயலுங்கள், அறைக்கு வெளியே அரை மணித்தியாலம் தாக்குப்பிடித்தாலே பெரிய காரியம். மாரியிலும் கட்டாயம் செய்யவேண்டியவர்கள் கேக் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் சீனிக்குப் பதிலாக ஐசோமோல்ட் என்ற மாற்று இனிப்பைக் கேட்டுப் பார்க்கலாம். அது ஈரத்தை மிகக் குறைவாகவே இழுக்கும். இனிப்பு சீனியின் பாதியளவுதான், அதிகம் சாப்பிட்டால் வயிறு கலங்கும்.

ஒரு எச்சரிக்கை. 150 பாகைப் பாகு தோலில் பட்டால் வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டே சுடும். பிள்ளைகளைத் தட்டம் இருக்கும் மேசைக்கு வரவிடலாம், அடுப்புக்குப் பக்கத்தில் விடவேண்டாம். பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும், பற்பசை பூசக்கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டிருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சட்டியில் தோய்க்க முடியாமல் தடித்த பாகு எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். அதை மறுபடி சூடாக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் நிறம் ஏறும். ஒரு தடவைக்கு மேல் போகாமல், வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் ஒரு பிடியைப் போட்டுப் புரட்டி, எண்ணெய் தடவிய தட்டத்தில் கொட்டிவிடுங்கள். சட்டியைச் சுரண்ட வேண்டியதில்லை, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானாகக் கரைந்துவிடும்.