பெயர் மாற்றம்: நோட்டரி, ஏஜென்ட், நேரடி கெஜட், மூன்றிலும் போய் வந்தவள் சொல்கிறேன்

என் பழைய பெயர் போதும்பொண்ணு. எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் இந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: வீட்டில் நான் நான்காவது பெண். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று அப்பத்தா வைத்தது. அடுத்துத் தம்பி பிறந்துவிட்டான். பெயர் பலித்துவிட்டது என்று அப்பத்தாவுக்கு இன்றும் பெருமை.

வங்கியில் பெயரைக் கூப்பிடுகிறவர்கள் "போதும்..." என்று ஒரு கணம் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் "பொண்ணு" என்பார்கள். பழகிவிட்டது. ஆனால் என் மகள் பள்ளிப் படிவத்தில் தாயின் பெயரை எழுதிக்கொண்டே "யாருக்கும்மா போதும்?" என்று கேட்டாள். அன்றைக்கே பொன்னி என்று மாற்றிக்கொள்ள முடிவு செய்தேன். வீட்டுக்காரர் சரி என்றார். கடையில் கூட வேலை பார்க்கும் அக்கா மட்டும், ஆங்கிலத்தில் இன்னொரு 'என்' எழுத்து சேர்த்தால் கூட்டு எண் நன்றாக வருகிறது என்று நச்சரித்தார். ஒரு எழுத்துக்காக ஆயுள் முழுக்க எல்லா கவுண்டரிலும் விளக்கம் சொல்ல முடியாதக்கா என்றேன்.

முதலில் போனது நோட்டரியிடம். முத்திரைத்தாளில் அஃபிடவிட். தட்டச்சு, முத்திரை, கையெழுத்து எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. "இது போதும்மா" என்றார் வக்கீல். (அந்தச் சொல் என்னை விடாது.) ஆனால் அது போதவில்லை. ஆதார் மையத்தில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்துப்பிழையைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு, கெஜட் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். அஃபிடவிட் என்பது நான் சொல்வதை நானே உறுதி செய்யும் தாள். கெஜட்டில், அதாவது அரசிதழில், வருவதுதான் ஊரறியச் சொல்வது.

அடுத்து ஒரு ஏஜென்ட். கம்ப்யூட்டர் சென்டரும் ஜெராக்ஸும் சேர்ந்த கடை. மொத்தம் ஆறாயிரத்து ஐந்நூறு, பத்தே நாள், நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம் என்றார். மூவாயிரம் முன்பணம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, டெல்லி கெஜட் என்றால் மதிப்பு ஜாஸ்தி, இன்னும் நாலாயிரம் ஆகும் என்றார். அங்கேதான் சந்தேகம் தட்டியது. மத்திய அரசிதழ் என்று ஒன்று இருப்பது உண்மை. டெல்லி சிவில் லைன்ஸில் உள்ள வெளியீட்டுத் துறை அதன் நான்காம் பகுதியில் பெயர் மாற்றங்களை வெளியிடுகிறது. அதற்குச் செய்தித்தாள் விளம்பரமெல்லாம் வேண்டும். மத்திய அரசு வேலையில் இருப்பவர்கள் அந்த வழியைப் பார்க்கலாம். மதுரை மாவட்டத்தில் பிறந்து, ஹார்டுவேர் கடையில் கணக்கெழுதும் எனக்கு எதற்கு டெல்லி? அவர் அடித்து வைத்திருந்த விண்ணப்பத்தைக் காட்டச் சொன்னேன். பிறந்த மாவட்டம் தேனி என்று இருந்தது. தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முன்பணம் போனது போனதுதான்.

மூன்றாவது வழிக்கு முதலிலேயே போயிருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை இணையதளத்திலேயே விண்ணப்பப் படிவம் இருக்கிறது. நிரப்பி, புகைப்படம் ஒட்டி, பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் ஆதாரம் வைத்து, அரசு மருத்துவர் ஒருவரிடம் சான்றொப்பம் வாங்கினேன். ஏஜென்ட் கேட்ட தொகையோடு வைத்துப் பார்த்தால் அரசுக் கட்டணம் மிகவும் சொற்பம். எண் 110, அண்ணா சாலை, சென்னை என்ற முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். சென்னைக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை.

அரசிதழின் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் என் நாலு வரி வந்தது. இன்னாருடைய மகள், இந்தத் தேதியில் பிறந்தவள், பிறந்த மாவட்டம் மதுரை, இந்த முகவரியில் வசிப்பவள், இனிமேல் பொன்னி என்று அழைக்கப்படுவேன். மேலேயும் கீழேயும் என்னைப் போலவே ஒவ்வொருவரும் ஒரு எண்ணோடு நிற்கிறார்கள். மதம் மாறியவர்கள், இனிஷியலை மாற்றியவர்கள், ஒரே ஒரு 'எச்' மட்டும் சேர்த்துக்கொண்டவர்கள். அக்கா சொன்ன கூட்டு எண் ஆட்கள் பாதிப் பேர் இங்கேதான் இருப்பார்கள் போல.

அந்தப் பெயர் மாற்ற விளம்பரங்களோடு ஒரு அறிவிப்பும் போடுகிறார்கள்: இவற்றை வெளியிடுவதற்குச் சட்டப்பொறுப்பு எதையும் ஏற்பதில்லை, விளைவுகளுக்கு விளம்பரம் கொடுத்தவரே பொறுப்பு. இதைப் படித்த பிறகுதான் விண்ணப்பத்தை ஏன் ஏஜென்ட் கையில் விடக்கூடாது என்று உறைத்தது. தேனி என்று அச்சாகியிருந்தால் பதில் சொல்ல வேண்டியது நான்தான்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பது விதி, ஆகவே எழுத்துக்கூட்டலை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் ஆதாரை முதலில் மாற்றி, அப்புறம் பான், அப்புறம் வங்கி என்று போனேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் நான் இன்னமும் போதும்பொண்ணுதான். கெஜட் நகலை அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

நட்சத்திரம் என்றால் நேரடி வழிக்கு ஐந்துக்கு ஐந்து. நோட்டரிக்கு இரண்டு, வேகத்துக்காக. ஏஜென்ட்டுக்கு ஒன்று, அதுவும் டீ வாங்கிக் கொடுத்ததற்காக.

கையெழுத்தையும் மாற்ற வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. நான் தமிழில்தான் போடுவேன். போதும்பொண்ணுவுக்கு இரட்டைக்கொம்பு, பொன்னிக்கு ஒற்றைக்கொம்பு. போன வாரம் காசோலை திரும்பி வந்துவிட்டது. "மேலே ஒரு சுழி கூடுதலா இருக்கும்மா" என்றார் காசாளர்.