காந்தி நகர் மாடியில் பேஸ் கிட்டார்: முதல் பாட்டைத் தேர்ந்துகொடுக்கத் தெரிந்த ஒரு வகுப்பு

வேலூரில் கிட்டார் கற்றுத்தரும் இடங்கள் பல உண்டு. பாட்டின் அடியில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, அதற்கென்றே நேரம் ஒதுக்கிக் கற்றுத்தருபவர்கள் அரிது. காட்பாடி காந்தி நகரில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு வீட்டின் மாடியில் ஞாயிறு மாலைதோறும் நடக்கும் வகுப்புக்கு, தொரப்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து ஆறு மாதம் போய்வந்துவிட்டு இதை எழுதுகிறேன். அங்கே எனக்குக் கிடைத்த பெரிய நன்மை, புதிதாக வருபவரிடம் எந்தப் பாட்டை, எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்பதில் மாஸ்டர் காட்டும் அக்கறை.

அந்த அக்கறையின் அருமை எனக்குப் புரிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதற்கு முன் வேறோர் இடத்தில் இரண்டு மாதம் பணம் கட்டினேன். அங்கே என்ன பாட்டு வேண்டும் என்று என்னையே கேட்டார்கள். எனக்குப் பிடித்த, கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசிக்கும் வேகமான பாட்டு ஒன்றைச் சொன்னேன். மறு வாரமே அதைத் தொடங்கிவிட்டார்கள். எட்டு வாரத்தில் முதல் நான்கு பாரைக்கூட (பார் என்பது ஒரு தாளச் சுற்று) நான் தாண்டவில்லை. விரல் நுனிகள் கொப்பளித்ததுதான் மிச்சம். கேட்கப் பிடித்த பாட்டும் கற்கத் தகுந்த பாட்டும் வேறு வேறு என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால், அந்த வாத்தியம் ஓராண்டுக் காலம் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்காது.

காந்தி நகர் மாஸ்டர் முதலில் கொடுப்பது பென் ஈ. கிங் பாடி 1961-இல் வெளிவந்த 'ஸ்டாண்ட் பை மீ'. மேற்கத்திய சுரப் பெயர்களில் சொன்னால் எட்டு பார்: ஏ இரண்டு பார், எஃப் ஷார்ப் இரண்டு, டி ஒன்று, ஈ ஒன்று, மறுபடி ஏ இரண்டு. பாட்டு முடியும்வரை இந்தச் சுற்றுதான். இடது கை நான்கு இடங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்பதால், மனம் முழுவதும் தாளத்தில் நிற்கிறது. அந்தப் பாட்டில் பேஸ் விடாமல் ஒலித்துக்கொண்டிருப்பதில்லை. சுரங்களுக்கு நடுவே வெற்றிடம் இருக்கிறது, அந்த வெற்றிடம்தான் பாட்டின் நடையை உண்டாக்குகிறது. நான் முதல் வாரம் சுரங்களைச் சரியாகத் தொட்டும் ஏதோ குழைந்துபோய்க் கேட்டது. மாஸ்டர் எழுந்து வந்து, என் வலது உள்ளங்கையைத் தந்திகளின்மேல் மெல்லப் படியவைத்து, "தம்பி, அடிக்கிறது அப்புறம் வரும், முதல்ல சத்தத்தை நிறுத்தக் கத்துக்கோங்க" என்றார். அன்று முழுவதும் நான் செய்தது தந்தியை மீட்டி, உரிய இடத்தில் அமர்த்துவது ஒன்றுதான். தாளத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70 தட்டில் வைத்துத் தொடங்கி, ஐந்தாவது வாரத்தில் பாட்டின் உண்மையான வேகத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அடுத்தது யூ2 குழுவின் 'வித் ஆர் வித்தவுட் யூ' (1987). குழுவின் பேஸ் கலைஞர் ஆடம் கிளேட்டன் அதில் வாசிப்பது டி, ஏ, பி, ஜி என்ற நான்கு சுரங்கள். பாருக்கு எட்டு அடி, ஒரே சீராக. கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, ஒன்றைவிட ஒன்று ஓங்காமல், ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்தால்தான் அதன் கடுமை தெரியும். மூன்றாவதாக 'செவன் நேஷன் ஆர்மி' (2003) வருகிறது. அதன் புகழ்பெற்ற ஏழு சுரத் தொடர் உண்மையில் பேஸ் கிட்டாரில் வாசிக்கப்பட்டதே அன்று. சாதாரணக் கிட்டாரின் ஒலியை, அதை மாற்றும் ஒரு பெடல் கருவி வழியாக ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கியிருக்கிறார்கள். ஆனாலும் அதை ஏ தந்தி ஒன்றிலேயே 7, 7, 10, 7, 5, 3, 2 என்ற ஃபிரெட்டுகளில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) வாசித்துவிடலாம் என்பதால், கழுத்து நெடுகக் கையை நகர்த்திப் பழக இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் சேர்ந்த அன்றே மாஸ்டர் வைக்கும் ஒரு நிபந்தனையையும் சொல்ல வேண்டும்: பாட்டைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்கக் கூடாது. பேஸ் கிட்டாரின் ஈ தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறைதான் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் எழுப்ப முடியாது. ஹெட்ஃபோனில் கேட்டபோது, இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுகளில்கூட எனக்குத் தெரியாத ஒரு குரல் கீழே ஓடிக்கொண்டிருந்தது. பேஸ் தனியாகக் காதில் விழும் பாட்டாக முதல் பாட்டு இருக்க வேண்டும் என்று அவர் ஏன் வற்புறுத்துகிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

எங்களுடன் படிப்பவர்களில் பாதிப் பேர் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பதற்காக வந்தவர்கள். வேலூரில் இது இயல்பு. அங்கே பாடுபவர் மாறினால் சுருதி மாறும். ஏ-யில் பழகியதை நின்ற நிலையில், அதற்கு அரைச்சுரம் மேலான பி ஃபிளாட்டில் வாசிக்க வேண்டிவரும். இதற்காகவே முதல் பாட்டை, விரல் வைக்காமல் மீட்டும் திறந்த தந்திகளில் கற்ற பிறகு, எல்லாச் சுரத்தையும் விரலால் அழுத்தும் மூடிய விரலமைப்பில் மறுபடியும் கற்பிக்கிறார்: ஈ தந்தியில் 5, 2-ஆம் ஃபிரெட்டுகள், ஏ தந்தியில் 5, 7. இந்த நான்கு இடங்களையும் ஒரு ஃபிரெட் மேலே தள்ளினால் பி ஃபிளாட் வந்துவிடுகிறது. சத்துவாச்சாரியிலிருந்து வரும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இதைக் கண்டுகொண்ட நொடியில், சொல்லாமலே அடுத்தடுத்து நான்கு சுருதிகளில் வாசித்துக் காட்டினான்.

வகுப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. முதல் மூன்று மாதத்தில் ஒரு தமிழ்ப் பாட்டுகூட வருவதில்லை. கேட்டால், நம் திரைப்பாட்டுகளில் பல்லவிக்கு ஒரு நடை, இடையிசைக்கு ஒரு நடை, சரணத்துக்கு வேறொரு நடை என்று பேஸ் மாறிக்கொண்டே இருக்கும், புதியவர் அதில் தடுமாறிவிடுவார் என்கிறார். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முழுப் பாட்டையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் என்ன? நிதானமான ஒரு பாட்டின் பல்லவியை மட்டும் இரண்டாம் மாதத்தில் கொடுத்திருந்தால், வீட்டில் என் அம்மா எதிரில் உட்கார்ந்து கேட்டிருப்பார். தெரிந்த ராகத்துக்குக் கீழே வாசிக்கும்போது தவறு நமக்கே உடனே பிடிபடும். 1818-இல் இசையமைக்கப்பட்ட 'சைலன்ட் நைட்' போன்ற கிறிஸ்துமஸ் பாட்டையும் சேர்க்கலாம். மூன்று கார்டுகளில் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள்) முடிந்துவிடும், மூன்று மூன்றாக எண்ணிப் பழகவும் உதவும். தற்போதைய பட்டியலில் எல்லாமே நான்கு எண்ணிக்கைப் பாட்டுகள்.

ஆறாவது மாதத்தில் அவர் கொடுத்த தமிழ்ப் பாட்டு 'என் இனிய பொன் நிலாவே', இளையராஜாவின் நூறாவது படமான மூடுபனியில் (1980) வருவது. அதில் பேஸ் கார்டின் அடிச்சுரத்தில் நின்றுகொண்டிருப்பதில்லை. ஜேசுதாஸின் குரலுக்குக் கீழே தனியொரு மெட்டாகவே நடந்துபோகிறது. இதுவரை என்னால் பல்லவியை மட்டுமே, அதுவும் முக்கால் வேகத்தில்தான், வாசிக்க முடிகிறது. ஆனால் அடக்கிப் பழகிய வலது கையும், கழுத்து நெடுக நகரப் பழகிய இடது கையும் இல்லாமல் இந்த அளவுக்குக்கூட வந்திருக்க முடியாது என்று திடமாகச் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதக் கட்டணம் 1,500 ரூபாய். சொந்த வாத்தியம் இல்லாதவர்களுக்கு அங்கேயே மூன்று பேஸ் கிட்டார்கள் உள்ளன; அவற்றில் ஒன்று 30 அங்குலத் தந்தி நீளம் கொண்ட சிறியது, சிறுவர்களின் கைக்கு வழக்கமான 34 அங்குலத்தைவிட அதுவே பொருந்தும். மாடி அறை மே மாதத்தில் கொதிக்கிறது. வியர்வையால் தந்திகள் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் துடைக்க ஒரு பருத்தித் துணி அவசியம். மின்சாரம் போனால், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இல்லாமல் பேஸ் கேட்காது. அப்போது வாத்தியத்தின் தலையை மர அலமாரியில் அழுத்திப் பிடிக்கச் சொல்வார். அலமாரி முழுவதும் அதிர்ந்து அறைக்கே கேட்கும்படி ஒலிக்கும். ஒரு முறைக்கு ஆறு பேரை மட்டுமே சேர்த்துக்கொள்வதால், ஒரு மாதம் முன்னதாகவே நேரில் போய்ச் சொல்லிவைப்பது நல்லது.